பிரதியில் மாறிய முடிவு

ஆத்மநாதனின் கையெழுத்தை அச்சகத்தில் யாராலும் படிக்க முடியாது. "ஓய் வாத்தியாரே, உம்ம எழுத்தை அச்சுக் கோக்கிறதுக்கு முந்தி ஜோசியர்கிட்ட காட்டி, உள்ள என்ன இருக்குன்னு கேக்கணும்" என்பார் வெள்ளைச்சாமி. ‘வெள்ளாறு’ என்ற மாதப் பத்திரிகைக்கு ஆசிரியரும் அவர்தான், சந்தா வசூலிக்கப் புதுக்கோட்டை வீதிகளில் சைக்கிளில் சுற்றுபவரும் அவர்தான்.

அதனால் ஆத்மநாதன் எழுதுவது எதுவானாலும் அவர் மனைவி பிரகதாம்பாள் சுத்தப் பிரதி எடுத்துக் கொடுப்பாள். எட்டாம் வகுப்புவரை படித்தவள். தாளின் ஒரு பக்கம் மட்டும் எழுதுவாள். இடப்புறம் நாலு விரல் இடம் விடுவாள். எழுத்து ஒன்றோடொன்று ஒட்டாது. அவள் பிரதியை ஆத்மநாதன் ஒரு நாளும் திருப்பிப் பார்த்ததில்லை. அச்சகத்து ஆள் வந்தால் அவளே கட்டிக் கொடுத்துவிடுவாள்.

உலகச் சண்டைக் காலம். காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. ‘வெள்ளாறு’ இளைத்துப் போய், ஒரு கதைக்கு நாலு பக்கம்தான் என்று வெள்ளைச்சாமி சொல்லிவிட்டார். மற்ற எழுத்தாளர்கள் முணுமுணுத்தார்கள். ஆத்மநாதன் சந்தோஷப்பட்டார். பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுப்பவர் அவர். சிறுகதை என்றால் என்ன என்று பையன்களுக்கு விளக்குவதில் அவருக்குத் தனி ருசி. வீட்டிலும் அவள் பிரதி எடுக்கும்போது அறைக்குள் நடந்துகொண்டே பேசுவார்.

"நாவல்ங்கிறது கல்யாணம். பந்தக்கால் நடுறதிலேருந்து மறுவீடு வரைக்கும் எல்லாம் உண்டு. சிறுகதை, தாலி கட்டுற நேரம் மட்டும். ஒரு சம்பவம், ஒரு உணர்ச்சி. ரெண்டாவது சம்பவம் வந்தா வாசல்லயே நிறுத்திப்புடணும்."

அவள் தலையாட்டுவாள்.

கதைகளில் சமூகக் கதை, சரித்திரக் கதை, துப்பறியும் கதை, ஹாஸ்யக் கதை என்று வகை உண்டு. எந்தக் கதையானாலும் தலைப்புக்கு மேலே அதன் வகையைச் சின்ன எழுத்தில் போட வேண்டும் என்பது வெள்ளைச்சாமியின் சட்டம். வாசகர் ஏமாறக் கூடாதாம்.

ஐப்பசியில் ஒரு நாள், பள்ளிக்கூடம் கிளம்புமுன் ஆத்மநாதன் ஒரு கதையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். "வெள்ளிக்கிழமை ஆள் வருவான், எடுத்து வச்சிடு" என்று சொன்னவர், அவள் முகத்தைப் பார்க்காமல் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. சாப்பாடு முடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு பிரகதாம்பாள் எழுத உட்கார்ந்தாள். சமூகக் கதை. ‘ஒரு தம்ளர் தண்ணீர்’.

ஒரு ஊரில் வாந்திபேதி பரவுகிறது. ஒரு பள்ளி ஆசிரியரின் நாலு வயதுப் பையனுக்கு நோய் காண்கிறது. ஆசிரியர் டாக்டரை அழைத்து வர ஓடுகிறார். ‘நான் வருகிறவரை ஒரு சொட்டுத் தண்ணீர் கொடுக்காதே’ என்று மனைவியிடம் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போகிறார். பையன் தண்ணீர் கேட்கிறான். அழுகிறான். கெஞ்சுகிறான்.

இதுவரை எழுதியதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.  மீதியை எழுதாமல் படித்தாள்.

படிப்பில்லாத அந்தத் தாயின் மனம் இளகிவிடுகிறது. ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிடுகிறாள். டாக்டருடன் திரும்பிய ஆசிரியர், பாயருகே உருண்டு கிடக்கும் தம்ளரைப் பார்க்கிறார். பையன் உடல் குளிர்ந்துவிட்டிருக்கிறது. ‘தாயின் அறியாமையே எமனாக வந்தது’ என்று கதை முடிகிறது.

சென்ற வருஷம் இதே மழைக்காலத்தில்தான் அவர்கள் மகன் ராசு போனான். அவனுக்கும் நாலு வயது.

காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தான். மதியத்துக்குள் கண் உள்ளே போய்விட்டது. ஆத்மநாதன் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போகும்போது வாசலில் நின்று, "தண்ணி மட்டும் காட்டிடாதே. உள்ள போற தண்ணிதான் பேதியா வருது. நான் வார வரைக்கும் ஒரு சொட்டுக் கூடாது" என்றார். ஊரில் எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். அவர் படித்தவர் வேறு. அவள் நம்பினாள்.

ராசு தண்ணீர் கேட்டான். முதலில் அழுது கேட்டான். பிறகு அழக் கண்ணீர் இல்லை, குரலும் இல்லை. அவன் பார்வை மட்டும் மூலையில் இருந்த குடத்தின்மேல் இருந்தது. அவளால் தாங்க முடியவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் போனால் கொடுத்துவிடுவோம் என்று அவளுக்கே தன்மேல் பயம் வந்தது. எழுந்து குடத்தைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள். வெறுங்குடத்தைக் கொண்டுவந்து அவன் பார்க்கும்படி மூலையில் சாய்த்து வைத்தாள். "பாத்தியா, தண்ணி இல்ல ராசா. அப்பா கொண்டு வருவாக" என்றாள். அவன் நம்பினான். அதன்பிறகு கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கூட்டம். ஆத்மநாதன் சுகாதார அதிகாரியைக் கூட்டிக்கொண்டு வரும்போது பொழுது சாயத் தொடங்கிவிட்டது. அதிகாரி குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். "தண்ணி கொடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"ஒரு சொட்டுக் கூடக் கொடுக்கலைங்க சார்" என்றார் ஆத்மநாதன், பாடம் ஒப்பிப்பதைப் போல.

"கொதிச்சு ஆறின தண்ணிய கொஞ்சங் கொஞ்சமாக் கொடுத்துக்கிட்டே இருந்திருக்கலாமே. ஒடம்புல தண்ணி வத்திப்போயில்ல பிள்ளை போயிருக்கு" என்றார் அதிகாரி. அவருக்கு இன்னும் பல வீடுகள் இருந்தன. கிணற்றில் மருந்து போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இருவர் காதிலும் அது விழுந்தது. அதைப் பற்றி அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. குடத்தைக் கவிழ்த்ததை அவள் அவரிடம் சொன்னதும் இல்லை.

சாயந்திரம் ஆத்மநாதன் திரும்பி வந்தபோது காபியை வைத்துவிட்டு அவள் அங்கேயே நின்றாள். வழக்கமாக நிற்க மாட்டாள்.

"என்ன?"

"கதை முடிவு இப்படித்தான் இருக்கணுமா?"

"ஏன், நல்லா இல்லையா?"

"நான் கொடுக்கலையே."

ஆத்மநாதன் தம்ளரை எடுத்து ஆற்றினார். ஆறிய பிறகும் ஆற்றிக்கொண்டே இருந்தார். "இந்தா பாரு, கதையில வாரது நீ இல்ல. கமலம்னு ஒருத்தி. சிறுகதைக்கு முடிவுன்னு ஒண்ணு வேணும். யாரோ ஒருத்தர் ஒண்ணு செய்யணும், அதனால ஒண்ணு நடக்கணும். அவ ஒண்ணும் செய்யலைன்னா கதையே இல்ல. அப்பறம் அதில ஒரு நீதியும் இருக்கு. சமூகக் கதைன்னா படிக்கிறவங்களுக்கு ஏதாவது சொல்லணும்ல?"

"தண்ணி கொடுத்தா பிள்ளை செத்துப்போகும்னா?"

அவர் காபியைக் குடித்தார்.

"பேரை மாத்தியிருக்கீங்க. மத்ததெல்லாம் நம்ம வீடு. படிக்கிறவுக நான்தான் கொடுத்துக் கொன்னுட்டேன்னு சொல்ல மாட்டாகளா?"

"கதைக்கும் நடந்ததுக்கும் வித்தியாசம் தெரியாதவங்களுக்காக நான் எழுதல" என்றார் அவர். குரல் உயரவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நூல்நிலையத்துக்குப் போய்விட்டார்.

அவளுக்கு இன்னொரு சங்கடமும் இருந்தது. ‘வெள்ளாறு’ வந்தால் தெருப் பெண்கள் மத்தியானத்தில் அவள் வீட்டுக்கு வருவார்கள். அவர்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. அவள்தான் கதைகளை வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். இந்தக் கதையை அவள் வாயாலேயே படிக்க வேண்டும். படிக்கும்போது மாற்றிச் சொல்லிவிடலாம். ஆனால் அச்சானது அச்சானதுதான். குடுமியான்மலையில், திருமயத்தில், எங்கெங்கோ யாரோ அதைப் படிப்பார்கள். பாயில் கிடக்கும் ஒரு பிள்ளைக்குத் தண்ணீரை மறைத்து வைப்பார்கள்.

இரண்டு நாள் அந்தப் பிரதி பாதியில் நின்றது. வெள்ளிக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து முடித்தாள். தாய் இளகுவதுவரை ஒரு எழுத்தைக் கூட மாற்றவில்லை. அதன்பின் அவருடைய தாள்களைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தானாக எழுதினாள். தாய் குடத்தைத் தூக்கிப்போய்க் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கவிழ்த்தாள் என்று எழுதினாள். வெறுங்குடத்தைப் பிள்ளைக்குக் காட்டினாள் என்று எழுதினாள். அதிகாரி சொன்னதை டாக்டர் சொன்னதாக எழுதினாள். ஆசிரியர் அதைக் கேட்டுக்கொண்டு நின்றார் என்று எழுதினாள். அவருடைய முடிவு முக்கால் பக்கம் இருந்தது. அவளுடையது அரைப் பக்கம் கூட வரவில்லை. நீதி ஒன்றும் இல்லை.

அச்சகத்து ஆள் வந்தான். கட்டிக் கொடுத்தாள்.

பத்திரிகை வரும்வரை அவள் நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்ததும் கத்துவார் என்று நினைத்தாள். கத்தட்டும். கத்தினால் அந்த நாளைப் பற்றிப் பேசித்தானே ஆகவேண்டும். தண்ணீர் வேண்டாம் என்று சொன்னது நான்தான் என்று அவர் வாயிலிருந்து வரவேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. வந்துவிட்டால் கதை எப்படியோ போகட்டும்.

வெள்ளைச்சாமியே சைக்கிளில் வந்தார். வாசலில் இறங்கும்போதே சத்தம் போட்டார்.

"ஓய், எங்கேயா இருக்கீரு? இத்தன நாளா இந்தக் கையை எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தீரு?"

ஆத்மநாதன் சிரித்துக்கொண்டு வந்தார். பிரகதாம்பாள் அடுக்களைக் கதவுக்குப் பின்னால் நின்றாள்.

"தலைப்புல ஒரு தம்ளர் தண்ணின்னு போட்டுப்புட்டீரு. அந்தா கொடுக்கப் போறா, இந்தா கொடுக்கப் போறான்னு நானும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் படிக்கிறேன். கடைசி வரைக்கும் ஒரு சொட்டு இல்ல! குடத்தையில்ல கவுத்துப்புட்டா பாவி! அந்த வெறுங்குடத்தைக் காட்டுறா பாருங்க, அங்க நான் அழுதுட்டேன்யா. கணக்குப் பாக்குற இந்த வெள்ளைச்சாமி அழுதுட்டேன். அச்சுக் கோக்கிறவன் என்னமோ ஏதோன்னு எந்திரிச்சு வந்துட்டான்."

ஆத்மநாதனின் சிரிப்பு அப்படியே நின்றது. பத்திரிகையை வாங்கிப் பிரித்தார். கடைசிப் பக்கத்துக்குப் போனார். படித்தார். ஒரு முறை படித்துவிட்டு மறுபடியும் மேலே போய்ப் படித்தார்.

"என்னய்யா, எழுதினவரே புதுசாப் படிக்கிறீரு? பிழை ஏதும் விழுந்துருச்சா?"

அடுக்களைக் கதவின் விளிம்பை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இல்ல" என்றார் ஆத்மநாதன். "சரியாத்தான் இருக்கு."

"முடிவுன்னா இதுய்யா முடிவு. எப்படித் தோணுச்சு உமக்கு?"

"தோணுச்சு" என்றார்.

வெள்ளைச்சாமி போன பிறகு அவர் கொல்லைக்குப் போனார். முருங்கை மரத்தடியில் நின்றார். முதுகு மட்டும் தெரிந்தது. அவள் காத்திருந்தாள். வெகு நேரம் கழித்து வந்து காலைக் கழுவிக்கொண்டு, "எலை போடு" என்றார். போட்டாள். சாப்பிட்டார். சோற்றைப் பற்றியும் சொல்லவில்லை, கதையைப் பற்றியும் சொல்லவில்லை.

மறுநாள் மத்தியானம் தெருப் பெண்கள் வந்தார்கள். எதிர்வீட்டுப் பொன்னுத்தாய் வந்தாள். மூன்று மாதக் கைக்குழந்தையுடன் ராக்காயி வந்தாள். வேறு சிலரும் இருந்தார்கள்.

"வாத்தியாரம்மா, மொதல்ல துப்பறியும் கதையைப் படிங்க. போன மாசம் அந்தத் திருட்டுப் பய எங்கிட்டுப் போனான்னே தெரியல" என்றாள் பொன்னுத்தாய்.

"அது இந்த மாசம் இல்ல. வேற படிக்கிறேன்" என்று பிரகதாம்பாள் அந்தக் கதையை எடுத்தாள்.

 பள்ளிக்கூடத்தில் பாடம் படிப்பதைப் போல, புள்ளி வந்த இடத்தில் நிறுத்திப் படித்தாள். குடம் வந்த இடத்தில் ராக்காயி மடியில் கிடந்த குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள்.

முடிந்ததும் பொன்னுத்தாய் மூக்கைச் சிந்தினாள்.

"பெத்தவளா அவ? கேக்குற பிள்ளைக்குத் தண்ணியக் கொட்டிப்புட்டு வெறுங்குடத்தக் காட்ட எப்படித்தான் மனசு வந்துச்சோ. நானா இருந்தா புருசன் என்ன, சாமியே வந்து சொன்னாலும் கொடுத்திருப்பேன்."

"புருசன் சொன்னதைத்தானே கேட்டா" என்றாள் ராக்காயி.

"சொன்னா? அவுக ஆயிரம் சொல்லுவாக. இவளுக்கு எங்க போச்சு புத்தி? கல்லுடி அவ. வாத்தியாரு எங்கேருந்துதான் இப்படி ஒரு பொம்பளையப் புடிச்சாகளோ." சொன்ன பிறகுதான் அவளுக்கு என்னவோ உறைத்தது. பிரகதாம்பாளின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டென்று, "அட, கதைதானே! விடுங்க வாத்தியாரம்மா. ஹாஸ்யமா ஏதாவது இருந்தா படிங்க" என்றாள்.

ஹாஸ்யக் கதை ஒன்று இருந்தது. மாப்பிள்ளை பார்க்கப் போன இடத்தில் மாமனாரின் பொய்ப்பல் கழன்று பாயசத்தில் விழுகிற கதை. அதையும் படித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். போகும்போது ராக்காயி மட்டும் வாசலில் தயங்கி நின்றாள்.

"வாத்தியாரம்மா, அந்த டாக்டர் சொன்னது நெசமா? தண்ணி கொடுக்கலாமா?"

"நெசம்தான். கொதிக்க வச்சு ஆறினதும் கொஞ்சங் கொஞ்சமாக் கொடுக்கணும்."

"கதையில வாரதையெல்லாம் நம்பிக் கொடுத்துட்டு, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிட்டா?" என்று கேட்டுவிட்டு, குழந்தையின் தலையை முந்தானையால் மூடிக்கொண்டு தூறலில் இறங்கிப் போய்விட்டாள்.

மார்கழியில் ஆத்மநாதன் ஒரு கட்டுரையைக் கொண்டுவந்து வைத்தார். ‘சிறுகதையின் இலக்கணமும் வகைகளும்’. வெள்ளைச்சாமி கேட்டு எழுதியது. அவள் பிரதி எடுத்தாள். ஒரு சம்பவம், ஒரு உணர்ச்சி, சொற்சிக்கனம், எல்லாம் அவர் நடந்துகொண்டே சொல்லி அவள் காதில் விழுந்தவைதாம். கடைசிப் பகுதி முடிவைப் பற்றியது.

‘சிறுகதையின் உயிர் அதன் முடிவில் உள்ளது. ஒரு தம்ளர் தண்ணீர் என்னும் கதையில் தாய் குடத்தைக் கவிழ்க்கும் இடத்தை வாசகர் நோக்குக. இத்தகைய நிகழ்ச்சி நம் வாழ்வில் காணக் கிடைப்பதன்று. எந்தத் தாயும் அவ்வாறு செய்யாள். எழுத்தாளனின் கற்பனையில் மட்டுமே அது நிகழ்கிறது. நிகழாத ஒன்றை நிகழ்ந்ததென நம்ப வைப்பதே சிறுகதைக் கலையின் வெற்றி.’

அவள் இரண்டு முறை அதைப் படித்தாள். பிறகு எழுதினாள். இந்தத் தடவை ஒரு எழுத்தும் மாறவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு காலையில் அவர் புதிய கதையை மேஜைமேல் வைத்தார். சரித்திரக் கதை. கொடும்பாளூரில் ஒரு குறுநிலத் தலைவன் போரிலிருந்து திரும்பி வருகிறான். தன் கட்டளையை ஏற்று முன்னே சென்ற மகன் களத்தில் மாண்டுவிட்டான். கோட்டை வாசலில் மனைவி நிற்கிறாள். அவ்வளவுதான். அதற்குக் கீழே தாள் வெறுமையாக இருந்தது. கூடவே எழுதாத தாள் ஒன்றும் செருகியிருந்தது.

"முடியலையே" என்றாள்.

ஆத்மநாதன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "முடிவுக்கு எடம் விட்டிருக்கேன். அவ என்ன சொல்றான்னு நீயே எழுதிடு. ஒனக்கு அது வருது" என்றார்.

அது பாராட்டாகவே இருந்தது. இத்தனை வருஷத்தில் அவர் அவளை எதற்கும் பாராட்டியதில்லை.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அன்னைக்குத் தண்ணி கொடுக்காதேன்னு சொன்னது நீங்கதானே?"

பொத்தானில் இருந்த கை நின்றது. தெருவில் ஒரு மாட்டு வண்டி போயிற்று. 

"எந்தக் கதையில?" என்றார்.

பிறகு குடையை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, சாயந்திரம் அச்சகத்து ஆள் வருவான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவள் அடுக்களை வேலையை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பிரதி எடுத்தாள். மனைவி கோட்டை வாசலில் வந்து நின்றாள் என்பதுவரை எழுதினாள். கீழே அந்த எழுதாத தாளையும் அப்படியே சேர்த்து வைத்து, நாலு ஓரமும் ஒழுங்கு பார்த்து, நூலால் கட்டினாள்.